கோர்ட்டுக்குத் தெரியாத சத்தியம்

தென்னேரி
6.8.1981

கனகாவுக்கு,

தாமோதரன் எழுதுவது. நீயும் மங்காவும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை.

நேற்று கோர்ட் ஆள் வந்து சம்மன் கொடுத்துவிட்டுப் போனான். குழந்தைக்கான ஜீவனாம்சத்தை எட்டு மாதமாகக் கொடுக்கவே இல்லை என்று நீ மனு போட்டிருக்கிறாயாம். கட்டாவிட்டால் ஜெயிலாம். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

மில் பெல்ட்டில் என் வலது கை போன பிறகு, கோர்ட் போட்ட அறுபது ரூபாய் முடியாது என்றேன். இருபத்தைந்து போதும் என்று திரௌபதி அம்மன் எதிரில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணியது நீதானே? மாதம் தவறாமல் பஸ் கண்டக்டர் கன்னியப்பன் கையில் கொடுத்தனுப்பினேனே. வந்ததா இல்லையா?

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

தாமோதரன்


சாலவாக்கம்
14.8.1981

மங்காவின் நைனாவுக்கு,

கனகா வணக்கம். பணம் எல்லா மாதமும் வந்தது. மனு நான் போட்டதல்ல. மங்காவின் பள்ளிக்கூட உதவிப் பணத்துக்கு என்று கூடப் பிறந்த ராஜாராம் அண்ணனே காகிதம் நீட்டினார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

அண்ணனுக்குத் தெரியாமல் உத்திரமேரூர் போய் வக்கீல் குமாஸ்தா ஞானதாஸைப் பார்த்தேன். கற்பூரம் விஷயத்தைச் சொன்னதும் கோபித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, கோர்ட்டு போட்ட ஆர்டரைக் கோர்ட்டுதான் மாத்தணும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினா ஆச்சா?" என்றார்.

தொகையைக் குறைக்கச் சொல்லி நீங்கள்தான் மனு கொடுக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் கை எடுத்ததற்கு சர்டிபிகேட், இப்போது வாங்கும் கூலிக்கு மில்லில் ஒரு சீட்டு, இரண்டும் கொண்டுவாருங்கள். 28ஆம் தேதி வாய்தா. பணம் வந்தது என்று நான் சொல்கிறேன். அண்ணனுக்குத் தெரிந்தால் எங்களை வீட்டில் இருக்க விட மாட்டார். பதிலை மங்காவின் பள்ளிக்கூடத்து பாக்கியமேரி டீச்சர் விலாசத்துக்குப் போடுங்கள்.

கனகா


தென்னேரி
20.8.1981

கனகாவுக்கு,

சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மனு கொடுக்கக் காஞ்சிபுரம் கோர்ட் வாசல் வரைக்கும் போனேன். ஒருத்தனை விலங்கு போட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். விசாரித்தால் அவனும் ஜீவனாம்ச கேஸ்தானாம். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. நீயும் ராஜாராமும் சேர்ந்து என்னை வரவழைத்துப் பிடித்துக் கொடுக்கப் போகிறீர்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. வருகிற செவ்வாய் அம்மன் கோயிலுக்கு வந்து, காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று இன்னொரு தடவை கற்பூரம் ஏற்று. அப்புறம் வருகிறேன்.

தாமோதரன்


சாலவாக்கம்
29.8.1981

மங்காவின் நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வாய்தாவுக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை போய்விட்டிருந்தது. முன்னமே வந்திருந்தாலும் நான் கோயிலுக்கு வந்திருக்க மாட்டேன்.

நேற்று கோர்ட்டில் உங்கள் பேரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். மங்கா என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நைனாவத்தானே கூப்புடுறாங்கோ, ஏம்மா வரல?" என்றாள்.

அண்ணன் பக்கத்திலேயே நின்றார். சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மாதாமாதம் இருபத்தைந்து வந்தது, அவருக்குக் கை இல்லை, மனுவில் இருப்பது நான் சொன்னது இல்லை என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். ஆனால் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர் நேரில் வந்து கேட்க வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். செப்டம்பர் 18 வரை தவணை. அன்றைக்கும் வராவிட்டால் வாரண்ட்.

அண்ணன் எங்களை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்கவில்லை. டீச்சர் வீட்டில் இருக்கிறோம். எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

பயம் உங்களுக்கு மட்டும்தானா? நானும் பயந்துகொண்டுதான் போனேன்.

18ஆம் தேதி நான் வருவேன். மங்காவை அழைத்து வர மாட்டேன். உங்கள் பேரைக் கூப்பிட்டு யாரும் வராமல் இருப்பதை அவள் இன்னொரு தடவை பார்க்க வேண்டாம்.

கனகா