சிங்களத்தில் இருந்த ஆறு வரிகள்

1 ஜூலை 2025, செவ்வாய்

பத்தாம் வகுப்புக்கு ஊடகப் பாடம். போனில் வந்த செய்தி ஏதாவது ஒன்றைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். யார் சொன்னது, எப்போது, அதனால் அவருக்கு என்ன லாபம், வேறு யாரும் சொல்கிறார்களா என்று நான்கு கேள்வி கேட்க வேண்டும். வந்ததெல்லாம் வழக்கமான குப்பை. பப்பாசி இலை புற்றுநோயைத் தீர்க்குமாம், பத்துப் பேருக்கு அனுப்பினால் டேட்டா இலவசமாம்.

கிருஷாந்தி மட்டும் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். தேயிலைத் தோட்டத்தின் அலுவலகமான கந்தோர் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் எல்லோரும் அதில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். கீழே தமிழில், வீடு கட்ட ஏழு பேர்ச் அளவுக் காணி பெற விரும்புகிறேன் என்று இருந்தது. மேலே சிங்களத்தில் ஆறு வரி.

"டீச்சர், ரெண்டும் ஒண்ணு இல்ல," என்றாள்.

வாசித்தேன். இப்போதிருக்கும் லயக் காம்பராவை மூன்று மாதத்தில் விட்டுப் போகச் சம்மதிக்கிறேன் என்றிருந்தது. காணியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "இத நீங்கதானே பெற்றோர் குரூப்புல போட்டீங்க?"

நான்தான். தொழிலாளர்களின் தோட்டத் தலைவர் வீரய்யா அனுப்பியதைத் தமிழில் மட்டும் பார்த்துவிட்டு, நல்ல செய்தி, எல்லோரும் போங்கள் என்று போட்டேன். எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். வாசிக்கவில்லை. நான் நாலு கேள்வி படிப்பிக்கிறேனாம்! வெட்கமாக இருக்கிறது.

2 ஜூலை

குரூப்பில் எழுதினேன்: நான் போட்டது பிழை, சிங்களத்தை வாசிக்காமல் யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் பள்ளிக்கூட அதிபர் அதை அழித்துவிட்டார்.

3 ஜூலை

அதிபர் யோகராஜ் சேர் கூப்பிட்டார். "தோட்டத்து விசயம் நமக்கெதுக்கு? ஸ்கூலுக்குத் தண்ணி குடுக்கிறதே கந்தோர்தான். புத்தகத்துல இருக்கிறத படிப்பிங்க."

"புத்தகத்துல இருக்கிறதுதான் சேர். பக்கம் நாப்பத்தொண்ணு."

மண்டபத்துப் பக்கம் போகக் கூடாதாம். போனால் இடமாற்றமாம். கம்பளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவளை இன்னும் எங்கே தூக்கிப் போடுவார்? ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. போவேன்.

4 ஜூலை

பிள்ளைகள் என் போனில் பிரதேச செயலகத்துக்குக் கோல் எடுத்தார்கள். அதே வகுப்புத் துஷாந்த் சிங்களத்தில் கேட்டான். இந்தத் தோட்டத்துக்கு அப்படியொரு காணித் திட்டமே இல்லையாம். பதில் சொன்னவர் பெயர், பதவி, நேரம் எல்லாவற்றையும் நான் சொல்லாமலே கொப்பியில் எழுதிக்கொண்டான்.

6 ஜூலை, ஞாயிறு

ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். வீரய்யாவின் மேசையில் படிவக் கட்டு. எழுந்து நின்று, கையெழுத்து வைக்காதீங்க என்றேன்.

கிருஷாந்தியின் அம்மா புஷ்பம் முன்வரிசையில் இருந்து கேட்டாள். "அன்னைக்கி நல்லதுன்னு நீங்கதான் போட்டீங்க. இன்னைக்கி வேணாங்கிறீங்க. ஒங்கள மட்டும் எப்பிடி நம்புறது?"

அவள் கேட்டது நியாயம்.

"நம்பாதீங்க புஷ்பம். ஒங்க புள்ளய வாசிக்கச் சொல்லுங்க."

கிருஷாந்தி வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். செயலகத்தில் சொன்னதைத் துஷாந்த் கொப்பியைப் பார்த்துச் சொன்னான்.

"இருவது வருசமா தலைவரா இருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்றார் வீரய்யா.

"தாத்தா, ஒங்களுக்கு சிங்களம் வாசிக்கத் தெரியுமா?" துஷாந்த் மரியாதையாகத்தான் கேட்டான். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசத் தெரியும்," என்றார். பிறகு, "இன்னொருக்கா வாசி புள்ள."

யாரும் கையெழுத்து வைக்கவில்லை. படிவக் கட்டை வீரய்யாவே கந்தோருக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

9 ஜூலை

அதிபர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். ஆமாம், போனேன், தேவைப்பட்டால் மறுபடியும் போவேன் என்று எழுதிக் கொடுத்தேன். படிவத்தின் பிரதியையும் பிள்ளைகளின் மொழிபெயர்ப்பையும் கூடவே இணைத்தேன். வைத்துக்கொள்ளட்டும்.

15 ஜூலை

இடமாற்றம் இன்னும் வரவில்லை. அதிபர் என்னோடு பேசுவதில்லை. அதுவும் நல்லதுதான்.

21 ஜூலை, திங்கள்

பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் பத்தாம் வகுப்பைக் கூட்டிப் போகப் பெற்றோருக்குச் சம்மதத் துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தேன். அனுப்பியது இருபத்தொன்பது. கையெழுத்தோடு வந்தது நான்கு. மற்றவை எல்லாம் பென்சிலில் கேள்விகளோடு வந்திருக்கின்றன. முதலில் எனக்குச் சுள்ளென்று கோபம்தான் வந்தது. என்னையுமா?

புஷ்பத்தின் துண்டில் இப்படி இருந்தது: "எந்த பஸ்? கூட வாறது யாரு? எத்தன மணிக்கி திரும்பி வருவீங்க?"

என் துண்டை எடுத்துப் பார்த்தேன். திரும்பி வரும் நேரத்தை நான் போடவே இல்லை.

இருபத்தொன்பதையும் திரும்ப எழுதுகிறேன்.