தைல வாசனையுள்ள நூலுருண்டை

உன் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே தைல வாசனை. உள்ளே இருப்பவை நான்கு நிறக் கம்பளி நூலுருண்டைகளும் ஒரு கட்டு அட்டைகளும்தான். ஆனால் நீ ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் நெற்றிப்பொட்டில் தைலம் தடவிக்கொண்டு, அதே விரலால் நூலைப் பிரிப்பவள். நீ கண்மூடி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, நூல் இன்னும் உன்னை விடவில்லை. என் மகள் தவழ்ந்து வந்து சிவப்பு உருண்டையைப் பிடித்தாள், மோந்தாள், தும்மினாள், சிரித்தாள். நான் பதறிப்போய் அவள் கையைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். பார்த்திருந்தால், "தைலம்தானேடி, விஷமா?" என்று கேட்டிருப்பாய்.

இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பிள்ளை அழுதாள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மறுபாதி பயம். உன்னிடம் சொல்ல நல்ல செய்தி ஒன்று கையில் இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

டின்னைத் திறந்ததற்கு மறுநாள், லுக்குட் பக்கத்துத் தோட்ட மண்டபத்தில் பயிற்சி. நீ இல்லாமல் நான் நடத்தும் முதல் பயிற்சி. என்னால் முடியாதென்றால் பயிற்சிகளை நிறுத்திவிட்டு நம் மென்பொருளை மட்டும் இணையத்தில் போட்டுவிடலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். முடியாது என்று எழுதியும் வைத்துவிட்டேன், அனுப்பத்தான் கை வரவில்லை. "ஆளப் பாக்காம சொல்லிக் குடுத்தா இது வெறும் டப்பா லா" என்பாயே, அதுதான் குறுக்கே நின்றது.

நம் வேலையை வீட்டில் விளக்க நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? எண்ணெய் தரும் செம்பனையின் ஒரே இலைநோயை ஒவ்வோர் ஆய்வு நிலையமும் ஒவ்வொரு விதமாகப் பதிகிறது. எது எதன் வகை, எது எதன் பகுதி, எதனால் எது வருகிறது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு கணினிக்கும் புரியும்படி எழுதிவைத்தால்தான் தகவல்கள் ஒன்றுசேரும். அந்த ஆன்டாலஜியை ஆய்வாளர்களே கட்டுவதற்கான கருவியைத்தான் நாம் செய்தோம். உன் அம்மாவுக்கு நீ சொன்னது ஒரே வரி: "செம்பனைக்கு உறவுமுறை சொல்லிக் குடுக்கிறோம் மா." அவரும் உடனே, "அப்போ உனக்கு ஒரு மாப்பிள்ளைய அதுலயே தேடு" என்றார்.

திரையைத் திறக்கும் முன்பு நூலைப் பிரிப்பது உன் வழக்கம். ஒருவர் கையில் 'மரம்' அட்டை, இன்னொருவர் கையில் 'மட்டை'. மஞ்சள் நூல் என்றால் இது அதன் வகை, நீலம் என்றால் இது அதன் பகுதி. யாராவது மரத்தையும் மட்டையையும் மஞ்சளால் இணைத்துவிட்டால் உனக்குக் கொண்டாட்டம். "சரி, இப்போ மட்டையும் ஒரு மரமாச்சு. இனிமே ஒவ்வொரு மட்டையிலயும் குலை தள்ளும். யாரு ஏறி அறுக்கிறது, நீங்களா?" மண்டபமே சிரிக்கும். அதன்பிறகு அந்தத் தவற்றை யாரும் செய்யமாட்டார்கள்.

நம் முதல் பயிற்சியும் அதே மண்டபத்தில்தான். பழகிக்கொள்ள அவரவர் குடும்பத்தைப் பதியச் சொன்னோம். வெளிநாட்டுப் பாடம் ஒன்றிலிருந்து விதிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தோம். அதில் ஒன்று, ஒரு பெண்ணின் தாய்மாமன் அவளுக்குக் கணவனாக முடியாது என்பது. ஆய்வு நிலையத்திலிருந்து வந்திருந்த சுமதி தன் வீட்டைப் பதிந்து, சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினாள். திரை முழுக்கச் சிவப்பு. 'தகவலில் பிழை. திருத்தவும்.' அவள் அம்மாவைக் கட்டியவர் அம்மாவின் சொந்தத் தாய்மாமன்.

"என்னா மிஸ், அப்போ நான் பொறக்கவே இல்லையா?"

அவளைப் புண்படுத்திவிட்டோமோ, புகார் போகுமோ என்று என் மனம் அதற்குள் எங்கெங்கோ ஓடியது. சுமதியோ விடவில்லை. "வாங்க, எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. கல்யாணம் செல்லாதுன்னு."

"ஐயோ, அம்மாவுக்கு போன் போட்டுடாதீங்க" என்றாய் நீ. "நீங்க நல்லா பொறந்துட்டீங்க. எங்க ரூலுதான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல." பின்வரிசையில் இருந்த மலாய்க்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். சுமதியே எழுந்து நின்று விளக்கினாள். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி நகர்ந்தது.

தேநீர் நேரத்தில் உன் மோட்டர் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு அறிவிப்பையே மலாயில் மாற்றி எழுதிவிட்டாய். 'முங்கின் காமி யாங் சிலாப்.' ஒருவேளை தவறு எங்களுடையதாக இருக்கலாம்.

"சாப்ட்வேர் போய் மன்னிப்பு கேக்குமாடி?" என்றேன்.

"கேட்டா கொறஞ்சா போவும்? ரூம்ல இருக்கிற ஆள அழிக்க முடியாது. ரூல அழிக்கலாம்."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த வடையையும் பிடுங்கிக்கொண்டாய்.

இப்போது அந்த நல்ல செய்தி. பயிற்சியன்று விடிந்ததுமே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துவீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். கணவர் போர்டிக்சனுக்கு வேலைக்குப் போயாகிவிட்டது. எழுதிவைத்த செய்தியை அனுப்ப இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. கைப்பேசியை எடுத்தேன். மகள் அந்தச் சிவப்பு உருண்டையை விடாமல் பிடித்திருந்தாள். பிடுங்கப் பிடுங்க அழுதாள். சரி, நூல் வருகிறதென்றால் அவளும் வரட்டும் என்று மம்பா வீட்டிலிருந்து வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் கண்ணாடியில் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மண்டபத்தில் வாயைத் திறந்தால் குரலே எழவில்லை. அறையில் இருப்பவர்களைப் பதிவதுதான் முதல் பாடம், நீ வைத்ததுதான். அறையில் இருப்பவர் பயிற்சியாளராகவோ பங்கேற்பாளராகவோ இருக்கவேண்டும் என்று விதி. முன்வரிசைப் பையன் ஒருவன், "பாப்பாவும் ரூம்லதானே இருக்கு மிஸ்" என்று அவள் பெயரையும் தட்டிவிட்டான். இரண்டிலும் அவள் இல்லை. திரை சிவந்தது.

'முங்கின் காமி யாங் சிலாப்.'

இத்தனை பேருக்கு முன்னால் நீ பேசிவிட்டாய். நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள். உடனே குரல் வந்துவிட்டது. சுமதியின் கதையைச் சொன்னேன். "இப்போ யாரைத் திருத்தலாம், பாப்பாவையா, ரூலையா?" என்று கேட்டேன். 'கூட வந்தவர்' என்று மூன்றாவதாக ஒரு வகையை அவர்களே சேர்த்தார்கள். அதன்பிறகு நூல், மரம், மட்டை, யார் ஏறி அறுப்பது, எல்லாம் உன் வரிசைப்படியே நடந்தது. மகள் முன்வரிசை மடிகளிலெல்லாம் மாறி மாறி உட்கார்ந்தாள். அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் கலைந்தார்கள். மேலாளருக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன், வேறு செய்தி.

கணினியை மூடும் முன், 'கூட வந்தவர்' என்ற வகையில் என் மகளின் பெயருக்குக் கீழே உன் பெயரைத் தட்டினேன். பொத்தானை அழுத்தினேன். நான் எப்போதும் போலப் பயந்துகொண்டேதான் பார்த்தேன்.

பச்சை. முரண்பாடு எதுவும் இல்லை என்றது.

டின் இப்போது வண்டியிலேயே இருக்கிறது, பிள்ளையின் நாப்கின் பைக்குப் பக்கத்தில். போகிற இடமெல்லாம் வண்டிக்குள் தைல வாசனை.