குதிகாலில் ஒட்டிய ஈயம்

என் பாசத்துக்குரிய மாமாவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. அக்கா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் அண்ணாமலை நகர் வீட்டு மோட்டார் கொஞ்ச நாள் மக்கர் பண்ணியது, சரிசெய்தாயிற்று. கடலூரில் என் கண்ணாடிக் கடை வழக்கம் போல ஓடுகிறது. வெயில் ஏற ஏற கூலிங் கிளாஸ் கேட்டு வருகிறவர்கள்தான் ஜாஸ்தி.

ஒரு காரியத்தை மட்டும் உங்களைக் கேட்காமல் செய்துவிட்டோம். உங்கள் கோல்ஃப் குச்சியில் நீங்கள் ஒட்டியிருந்த ஈயத்தைப் பிரித்துவிட்டோம். கோபப்படாமல் கேளுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

மஸ்கட்டில் கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பராமரிக்கும் வேலை முடிந்து நீங்கள் ஊர் திரும்பியபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் சென்ட் பாட்டிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் குச்சியோடு வந்து இறங்கினீர்கள். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற கடைசி அடிக்கான குச்சி. அதற்கு 'பட்டர்' என்று பெயர் என நீங்கள் எத்தனை தடவை சொல்லியும் அக்காவுக்கு அது குச்சிதான். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

அப்புறம் நம் வீட்டு ஹாலே மைதானமாகிவிட்டது. கல்யாண ஜமக்காளத்தை விரித்து, அதன் நீலக் கோடு ஒன்றின் மேல் பந்தை வைத்து, மறுகோடியில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைப்பீர்கள். பந்து கோட்டோடு போய் உள்ளே விழுந்தால் 'டங்'. விழாவிட்டால் சமையல்கட்டிலிருந்தே அக்கா, "விழல, சாப்பிட வாங்க" என்பாள். திரும்பிப் பார்க்கவே மாட்டாள். காதாலேயே ஆட்டம் பார்த்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

தேவனாம்பட்டினத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வாங்கிவந்து, சுத்தியலால் தட்டித் தகடாக்கி, குச்சியின் தலையில் ஒட்டினீர்களே, அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு டங் சத்தம் அடிக்கடி கேட்டது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு குச்சி ஹால் கதவுக்குப் பின்னால் நின்றது. பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் உங்கள் மகன் பிரபு அதைத் துடைத்துத் துடைத்து வைப்பான். கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே குச்சியும் பக்கத்தில் உங்கள் போட்டோவுமாக அவன் வீட்டுச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் ரஹீம் பாய் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தார். மஸ்கட்டில் உங்களோடு வேலை பார்த்தவர், வருஷா வருஷம் பொங்கலுக்கு அப்புறம் டவுன்ஷிப் கோல்ஃப் மைதானத்தில் நடக்கும் ஜோடிப் போட்டியில் உங்கள் ஜோடி. டீயைக் குடித்து முடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, இந்த வருசம் மச்சான் எடத்துல நீ வர்றியா? வேற ஆளைச் சேத்துக்க எனக்கு மனசு வரல."

நான் சிரித்துவிட்டேன். வாழ்நாளில் அம்மிக் குழவி தவிர எதையும் உருட்டாதவளிடம் கேட்கிறாரே என்று. ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

"வர்றேண்ணே," என்றாள். "அந்த டங்கு சத்தம் இல்லாம வூடே என்னமோ மாரி கீது. அது கேட்டாத்தான் எனக்கு ஒல வைக்கவே கை வருது."

நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் ரஹீம் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, டம்ளரைத் தேடப் போய்விட்டோம்.

குறிஞ்சிப்பாடிச் சித்தி காதுக்கு இது எப்படியோ போய்விட்டது. போனில், "புருசன் போயி வருசம் திரும்பல, குச்சியத் தூக்கினு ஆடப் போறாளாமே" என்று ஆரம்பித்தார். அக்கா, "ஆமா சித்தி, நீயும் வா, பந்து பொறுக்கிப் போட ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் வாய் நன்றாக வளர்ந்திருக்கிறது.

ஆனால் பந்து விழவில்லை, மாமா. நீலக் கோட்டின் மேல் ஒழுங்காகக் கிளம்பும், பாதி தூரம் போவதற்குள் இடது பக்கம் சாய்ந்துவிடும். தினமும் காலையில் அடிப்பாள். தினமும் டம்ளருக்கு நாலு விரற்கடை இடது பக்கம். நான் ஜமக்காளத்தைத் திருப்பிப் போட்டேன், தரை சரிவாக இருக்குமோ என்று ஹாலின் அந்தக் கோடிக்கு மாற்றினேன். அப்போதும் இடதுதான். "எனக்கு வராதுடா தம்பி, பிரபுகிட்டயே குடுத்துடலாம்" என்று ஒருநாள் குச்சியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகம் உங்களை எடுத்த நாளில் இருந்த மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

ரஹீம் பாயை வரச்சொன்னேன். உங்கள் முதல் திதி முடிந்த மறுநாள் காலை வந்தார். பிரபுவும் இருந்தான். பாய் குச்சியின் காம்பை இரண்டு விரல்மேல் படுக்கவைத்துச் சமநிலை பார்த்தார். தலையைத் திருப்பினார். ஈயத்தைத் தடவினார்.

"அடடே, இத மறந்தே போனேன். மச்சானுக்கு எப்பவும் பந்து வலது பக்கமே ஓடும் தம்பி. அடிக்கும்போது குச்சி மூஞ்சி, அதான் பந்துல படுற பக்கம், வலது பக்கமாத் திறந்தே நிக்கும், சாத்த மாட்டாரு. அதுக்குத்தான் காம்பை ஒட்டுன குதிகால் பக்கமா எடைய ஏத்தி, அந்தக் கோடியில இருக்குற மூக்கு சட்டுனு திரும்புறா மாதிரி பண்ணி வச்சாரு. அவுருக்கு நேராப் போச்சு. தங்கச்சிக்கு மூஞ்சி நேராத்தான் வருது, ஈயம் அதை இடது பக்கம் திருப்பிடுது."

உங்களுக்கு அப்படி ஒரு கோணல் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. கண்ணாடிக் கடைக்காரன் எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உங்கள் பவர் கண்ணாடியை அக்கா மாட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படித்தானே இது!

"அப்ப பிரிச்சிடலாம்" என்றேன்.

பிரபு எழுந்துவிட்டான். "அதத் தொடாதீங்க மாமா. அப்பா தன் கையால ஒட்டுனது. போட்டிக்கு வேணும்னா புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன்." அவன் சொன்னதும் நியாயம்தானே?

அக்காதான் குச்சியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நீ ஒண்ணு அடி."

அடித்தான். நாலு விரற்கடை, இடது பக்கம். இன்னொன்று அடித்தான். அதுவும் அங்கேயே.

"பாத்தியா, உங்கப்பா எல்லாரையும் ஒரே பக்கமாத் தள்றாரு" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இது அவுரு கோணலுக்கு வச்ச ஈயம்டா. என் கோணல் வேற. பொட்டியில வச்சா யாருக்கு டங்குனு கேக்கும்?"

பிரபு போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். பிறகு அவனே என்னிடம், "எப்படிப் பிரிக்கிறது மாமா?" என்றான்.

கடையிலிருந்து பிரேம் சூடுபண்ணுகிற மெஷினைக் கொண்டுவந்தேன். பசை இளகியது. அக்கா நகத்தால் மெதுவாக உரித்தாள். தகட்டில் உங்கள் சுத்தியல் பட்ட பள்ளங்கள் அப்படியே இருந்தன. நான் அழுதேன், பிரபுவும் அழுதான். அக்கா தகட்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் மறுபடியும் விரல்மேல் வைத்துப் பார்த்தபோது, மூக்கு முன்பைவிடக் கீழே இறங்கியது. அக்கா அடித்தாள். இடது பக்கம் போவது நின்றது. ஆனால் ஒன்று நேராகப் போனால் அடுத்தது எங்கேயோ போனது. அடிக்கும்போது அவளுக்கு மணிக்கட்டு வெட்டித் திரும்புகிறதாம், தோசை திருப்புகிற பழக்கம். கைப்பிடியின் மேல்முனையில் எடை கூட்டினால் மணிக்கட்டு அடங்கும் என்றார் பாய். எங்கே போய் ஈயம் வாங்குவது என்று நான் யோசிப்பதற்குள் அக்கா கையை நீட்டினாள்.

"இதேதான் இருக்குதே."

ஆகவே, மாமா, உங்கள் ஈயம் எங்கேயும் போகவில்லை. குதிகாலிலிருந்து கைப்பிடிக்கு ஏறியிருக்கிறது. மேலே கிரிக்கெட் பேட்டுக்குச் சுற்றுகிற டேப்பைச் சுற்றிக் கொடுத்தேன். அக்காவின் கை அதன் மேலேதான் இருக்கிறது.

போட்டியில் ஜெயிக்கவில்லை. ஜமக்காளம் வேறு, புல் வேறு. பாதிப் பந்துகள் குழிக்கு முன்னாலேயே நின்றுவிட்டன. கடைசிப் பந்து மட்டும் நேராக ஓடி உள்ளே விழுந்தது. பாய் கைதட்டினார், பிரபு விசிலே அடித்தான். அக்கா குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "என்னடா தம்பி, சத்தமே வரல?" என்றாள்.

இப்போது தினமும் காலையில் ஹாலில் அடிக்கிறாள். விழுந்தால் எனக்குப் போன் வரும். பேச மாட்டாள், போனை டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு இன்னொன்று அடிப்பாள். சமையல்கட்டில் இருந்தபடி அவள் உங்கள் ஆட்டத்தைக் கேட்ட மாதிரி, நான் கடையில் இருந்தபடி அவள் ஆட்டத்தைக் கேட்கிறேன். விழாவிட்டால் "விழல, சாப்பிடப் போ" என்கிறேன்.

குச்சி கண்ணாடிப் பெட்டிக்குள் போகாது, மாமா. பசை விட்டால் ஒட்டித் தருவேன், டேப் தேய்ந்தால் சுற்றித் தருவேன். காலையில் போன் அடித்தால், கடையில் யார் இருந்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு டங் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும்
உங்கள் மச்சான்,
கடலூர்.