எண்பத்தாறாம் பக்கம், பதினான்காம் கேள்வி

மஞ்சக்குப்பம்,
கடலூர்.
11-7-2025

அன்புள்ள ரேகாவுக்கு,

வினோதினி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. ஆனால் நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கடிதம் வரை உன்னைக் காக்க வைக்க வேண்டாம். நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன வாரம் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் மீட்டிங். விஷயத்தை வாட்ஸப்பில் நீளமாக எழுதினேன், ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன் ரேகா. படித்தேன் என்றா, பார்க்கிறேன் என்றா, விடு என்றா? நாற்பத்தைந்து வயதில் என்னை இப்படி யோசிக்க வைத்துவிட்டாயே என்று ஆத்திரமாக வந்தது. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

நம் பயிற்சி மையத்தின் சென்னைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து வருடத்துக்கு ஆயிரம் கேள்வி பார்க்கிறவள் நீ. நம் வங்கித் தேர்வுப் புத்தகத்தின் எண்பத்தாறாம் பக்கம் உனக்கு ஞாபகம் இருக்காது. பதினான்காம் கேள்வியை அப்படியே எழுதுகிறேன். இரண்டு சகோதரர்களின் வயதைக் கூட்டினால் முப்பது. மூத்தவர் வயது என்ன? கூற்று ஒன்று, இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம். கூற்று இரண்டு, இருவர் வயதையும் பெருக்கினால் 221. வயதைச் சொல்லத் தேவையில்லை. வயதைக் கண்டுபிடிக்க எந்தக் கூற்று போதும் என்று சொன்னால் போதும்.

புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடை: முதல் கூற்று மட்டும் போதும், இரண்டாவது போதாது. அது தப்பு. இரண்டாவது கூற்றை வைத்துக் கணக்குப் போட்டால் பதினேழு, பதிமூன்று என்று இரண்டு எண் வரும். இரண்டு விடை வந்துவிட்டது, எது என்று தெரியாது, ஆகவே போதாது என்று விடை போட்டவர் அவசரப்பட்டுவிட்டார். கேட்டிருப்பது மூத்தவர் வயது. பதினேழும் பதிமூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்போது மூத்தவர் யார் என்று சொல்ல ஜோசியரா வரவேண்டும்? எந்தக் கூற்றை எடுத்தாலும் அது தனியாகவே போதும்.

ஒரு கேள்விதானே, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்பாய். மணவாளன் சாரும் அதைத்தான் சொன்னார். கடலூர் மையத்துக்கு அவர் பொறுப்பாளர், எனக்கு மேலதிகாரி, உனக்கும் தெரிந்தவர்தான். ஆனால் இந்த ஒரு கேள்வியில் ஒரு பெண்ணின் கடைசி வாய்ப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் பெயர் ஜான்சி. குடிகாட்டில் இருக்கிறாள். வயது முப்பது, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சிப்காட் கம்பெனி ஒன்றில் பாக்கிங் பிரிவில் ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே டவுன் பஸ் ஏறி வகுப்புக்கு வருவாள். முதல் வாரம் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன். எம்மேல மருந்து வாசனை அடிக்கும் மேடம், அவுங்களுக்கு ஒத்துக்காது என்றாள். முன்னால் வந்து உட்கார் என்று அதட்டினேன். அவள் சலுகை வயதையும் சேர்த்துப் பார்த்தால் வங்கிக் கிளார்க் தேர்வுக்கு இந்த வருடம்தான் கடைசி.

வருடா வருடம் நடப்பதுதான், உனக்குத் தெரியும். மாதிரித் தேர்வில் முதலில் வருகிற ஒருவரைச் சிதம்பரம் கிளையில் விடுதியோடு சேர்த்து மூன்று மாதம் நாமே தங்க வைத்துப் படிக்க வைப்போம். ஜான்சிக்கு அந்த மூன்று மாதம்தான் வேண்டும். ஷிப்ட், சமையல், குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுக்குக் கிடைப்பது பஸ்ஸில் போகிற நேரம் மட்டும்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படி என்று மாமியார் இருசம்மாளே சொல்லியிருக்கிறார்.

ஜூன் கடைசி ஞாயிறு மாதிரித் தேர்வு. அதே பதினான்காம் கேள்வி அதிலும் வந்தது. ஜான்சி சரியான விடையைக் குறித்தாள். கம்ப்யூட்டர் அதைத் தப்பு என்றது. தப்புக்குக் கால் மார்க் கழித்து அவளுக்கு 78.25. இளவரசு என்கிற பையன் புத்தகத்தில் இருந்த விடையைக் குறித்து 79 வாங்கினான். இடம் அவனுக்கு. விடையைத் திருத்தினால் இவளுக்கு 79.5, அவனுக்கு 77.75. முக்கால் மார்க்கில் ஒருத்தியின் மூன்று மாதம் போய்விட்டது.

மறுநாளே மணவாளன் சாரிடம் போனேன். கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. வினோதினி மேடம், சென்னையிலேர்ந்து வர்ற ஆன்சர் கீ, நாம யாரு அதுல கை வைக்க என்றார். அது போகட்டும். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. யோசிச்சுப் பாருங்க, பையனுக்கு இருபத்துநாலு வயசு, எங்க போஸ்டிங் போட்டாலும் பெட்டியைத் தூக்கிட்டுப் போவான், இந்தப் பொண்ணு குழந்தை அழுவுதுன்னு பாதியில திரும்பி வந்துடும், ரெண்டு பேரையும் வச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும் என்றார்.

வைத்துப் பார்த்தாராம்! அளவு ஒன்று, அளவு இரண்டு கொடுத்து எது பெரியது என்று கேட்கும் பகுதியை இருபது வருடமாக நடத்துகிறேன். ஐந்தாவது விடை என்ன? தொடர்பைத் தீர்மானிக்க முடியாது. பிள்ளைகள் அதைக் குறிக்கப் பயப்படுவார்கள். ஏதோ தனக்குக் கணக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்கிற மாதிரி நினைப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் விடைதான் என்று தொண்டை வறளக் கத்துகிறேன். இந்த மனிதர் அதே கட்டடத்தில், எனக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தியின் வயதையும் குழந்தையையும் வைத்து அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று விடை எழுதுகிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

புதன்கிழமை இருசம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மையத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பெண் தடுத்தும் நிற்கவில்லை. நேராக மணவாளன் சார் மேஜை முன்னால் போய், எம்மருமவ போட்டது சரின்னு டீச்சரம்மா சொல்றாங்களாம், அப்புறம் எதுக்குய்யா தப்புன்னு போட்டீங்க என்று கேட்டார். கம்ப்யூட்டர் போட்டதும்மா என்று இவர் சொல்ல, அப்ப அந்தக் கம்ப்யூட்டரக் கூப்புடு, நான் பேசிக்கிறேன் என்றாரே பார்க்கணும்! சத்தம் கேட்டு வகுப்பிலிருந்து வந்து நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். குழந்தை மட்டும் அவர் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு தர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

அந்தச் சிரிப்பில்தான் மணவாளன் சாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி எண்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தார். எல்லார் முன்னாலும் திருப்பிக் காட்டினார். பதினான்காம் கேள்விக்கு ஓரத்தில், மூத்தவர் என்று பென்சிலால் எழுதி, அடியில் கோடு போட்டு, தேதியும் போட்டிருந்தேன். 2023 ஆகஸ்ட். ரெண்டு வருஷமா தெரிஞ்சிருக்கே மேடம், ஏன் சொல்லலை என்று கேட்டார்.

புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி மூடினேன் ரேகா.

அவரிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை பக்கம். இரண்டு வருடமாக வகுப்பில் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? இந்தக் கேள்விக்கு உண்மையான விடை வேறு, நிஜத் தேர்வில் அதைப் போடுங்கள், இங்கே மாதிரித் தேர்வில் வந்தால் புத்தகத்தில் இருப்பதையே போட்டுவிடுங்கள், மார்க் போய்விடும் என்று. இளவரசு நான் சொன்னபடி செய்தான். அவனே வந்து, மேடம் எனக்கும் அது தப்புன்னு தெரியும், நீங்க சொன்னீங்கன்னு போட்டேன் என்றான். ஜான்சி மட்டும் கேட்கவில்லை. நான் அதைச் சொன்ன அன்றைக்கே எழுந்து, தப்புன்னு தெரிஞ்சே எதுக்கு மேடம் பழகணும், கை அதுலயே போய் நின்னுடாதா என்று கேட்டாள். இரண்டாவது கூற்றைப் பார்க்கும்போது முதல் கூற்றை மறந்துவிட வேண்டும் என்று நான் விதி சொல்லிக் கொடுப்பேன் இல்லையா? அதையும் எனக்கே திருப்பினாள். கூற்றத்தான மறக்கணும், கேள்விய மறக்கச் சொல்லலயே மேடம் என்றாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை? ஏனென்றால் பார்த்த உடனே அது உன் கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. பதினேழு, பதிமூன்று. உன் தம்பிகள். 2002-ல் அண்ணாமலை நகர் விடுதியில், வங்கித் தேர்வுக்கு நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கேள்வி தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நீ எனக்கு எழுதிக் கொடுத்தது. பெரியவன் பிளஸ் டூ, சின்னவன் எட்டாவது. நான் இரண்டு கூற்றும் தனித்தனியே போதும் என்றேன். ரெண்டு விடை வருது பாருடி லூசு என்றாய். மெஸ்ஸில் சாப்பாடு ஆறும் வரை சண்டை. கடைசியில் நான், சரி உன் கேள்வி, உன் விடை என்று விட்டுவிட்டேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. நான் விட்டுக்கொடுத்ததை நீ ஜெயித்ததாக எடுத்துக்கொண்டாய் என்று இருபது வருடம் கழித்து அச்சில் பார்த்தபோதுதான் புரிந்தது.

உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இரண்டு வருடம் சும்மா இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்ததில் அதுவும் முழு உண்மை இல்லை. நீ சென்னைக்குப் போனாய், உன் பெயர் புத்தகத்தில் வருகிறது. நான் மஞ்சக்குப்பத்தில் அதே புத்தகத்தை விரித்துப் பாடம் நடத்துகிறேன். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் ரேகாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஒரு சின்னத் திருப்தி. அது எனக்கு வேண்டியிருந்தது. அதை வைத்திருக்கத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கான விலையைக் குடிகாட்டில் இருக்கிற ஒருத்தி கொடுக்கிறாள். மணவாளன் மேல் வருகிற கோபத்தைவிட இதுதான் எரிகிறது.

நேற்று என் பங்கை எழுத்தில் கொடுத்துவிட்டேன். விடை தப்பு என்று தெரிந்தே இரண்டு வருடம் தப்பாக நடத்தினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காலை வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர், வேலையையும் எடுத்துடப் போறாங்க, அப்புறம் என் உயிரத்தான் எடுப்ப என்றார். முந்தின இரவு அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் அவர்தான்.

மணவாளன் சார் அதை வாங்கிப் படித்துவிட்டு, இது உங்க கூற்று, கீ போட்டவுங்க சொல்லட்டும், தலைமை அலுவலகத்துலேர்ந்து ஒரு வரி வந்தா நான் மாத்திடறேன் என்றார். ஏளனமாகத்தான் சொன்னார். ஆனால் பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார், மாற முடியாது. சிதம்பரத்துக்குப் பெயர் அனுப்பும் நாள் 18, வெள்ளிக்கிழமை. இளவரசை நினைத்துத் தயங்காதே. அவனுக்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. அதோடு, இடம் மாறினால் எனக்கு வருத்தம் இல்லை மேடம், தூக்கம் வரும் என்று அவனே சொல்லிவிட்டான்.

உனக்கு இது சங்கடம் என்று தெரியும். எல்லா மையத்திலும் மார்க்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். யார் போட்ட விடை என்று கேட்பார்கள். உன் அறைக்கு வெளியே பேசுவார்கள். இங்கே எனக்கு நடப்பது அங்கே உனக்கும் கொஞ்சம் நடக்கும். அப்படி நடக்காது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஜான்சி இன்னும் தினமும் வகுப்புக்கு வருகிறாள். இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து நேற்று முப்பது கேள்வி போட்டாள், இருபத்தொன்பது சரி. அந்த ஒன்றில் தன் தப்பு என்ன என்று கண்டுபிடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போனாள்.

இருபத்து மூன்று வருடத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கூற்று ஒன்று என்னுடையது, அது தனியாகப் போதவில்லை. எண்பத்தாறாம் பக்கத்தை என் புத்தகத்திலிருந்து கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டி மையத்தின் விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. என் பென்சில் எழுத்துக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. பேனாவால் எழுது.

உன் தம்பிகள் இருவரையும் கேட்டதாகச் சொல். அவர்களும் நீயும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
வினோதினி