மாயவனை எப்படிக் கூப்பிடுவது

செப்டம்பர் 5, 2006. செவ்வாய்

பீங்கான் யூனிட்டில், பளபளப்புப் பூச்சு கரைத்த கிளேஸ் தொட்டியில் கையை விட்டபடியே தூங்கியிருக்கிறேன். ப்யூஸ் கேரியரை எடுப்பது, முக்குவது, பலகையில் வைப்பது. கை அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. தூக்கத்தில் ஒரு பாஸ்கெட்பால் கோர்ட். கோடு இல்லை, சுவர் இல்லை, வெள்ளையாகத் தரை மட்டும். அதில் பத்துப் பேர் சத்தமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்து அடிப்பக்கம் துடைக்கும் கொளஞ்சியம்மாள்தான் எழுப்பினாள்.

"தம்பி, கனவுல கல்யாணமா? பீஸு ரெண்டு தரம் முங்கியிருக்குது பாருங்க."

ஜாபர் மாஸ்டருக்கு கத்தார் விசா வந்துவிட்டதாம். மங்கலம்பேட்டையில் அவர் வீட்டில் நேற்றே பிரியாணி. ஆறு வருஷமாக எங்கள் மணிமுத்தா கிளப் டீமுக்கு அவர்தான் கோச். நவம்பர் கடைசியில் கடலூரில் மாவட்டப் போட்டி இருக்கிறது. இனி யார்?

செப்டம்பர் 6

டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, சலூன். எங்கே போனாலும் யார் கோச், யார் கோச். இந்த ஊரில் தண்ணீர் வராததைப் பற்றி இவ்வளவு பேர் பேசி நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 10. ஞாயிறு

சாயங்காலம் கோர்ட் சுவரில் பதினைந்து பேர் இருந்தோம். எங்களுக்கே 'சுவரு' என்றுதான் பெயர். "சுவரு என்னா சொல்லுது?" என்று ஜாபர் மாஸ்டரே கிண்டலாகக் கேட்பார். நாங்கள் ஆடுவதில்லை. கத்துவோம்.

ஆட்டோ ஓட்டும் தனக்கோடி அண்ணனுக்கு பழமலைநாதன் சார்தான் வேண்டும். ஸ்கூல் பி.டி. வாத்தியார், இருபத்தெட்டு வயது, சர்டிபிகேட் இருக்கிறது, டிராக் சூட் இருக்கிறது. போன வாரம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். பையன்கள் விசில் கேட்ட மாதிரி விறைத்து நின்றார்கள்.

நெய்வேலியிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள் சிலர். நெய்வேலிக்காரன் இங்கே எதற்கு வருவான்?

நான் சொன்னேன்: "மாயவன்."



"யாரு, கோடு போடற மாயவனா?" தனக்கோடி அண்ணன் சிரித்தார். "டேய் ஆனந்து, கிளேஸ் தண்ணிய குடிச்சிட்டியா?"

மாயவன் அப்போது கீழேதான் இருந்தான். வளையத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும்.

இவர்களுக்குத் தெரியாதா? போன வருஷம் அரையிறுதியில் ஜாபர் மாஸ்டரிடம் டைம் அவுட் கேட்கச் சொன்னது யார்? ஸ்கோர் எழுதும் மேஜையிலிருந்து எழுந்து போய் அவர் காதில் சொன்னானே, சுவர் முழுக்கப் பார்த்ததே. நெய்வேலி கோர்ட்டில் பத்து வருஷம் வாட்ச்மேனாக இருந்தவன். அங்கே நடந்த கேம்ப் ஒன்று விடாமல் பார்த்தவன். சர்டிபிகேட்டுதான் இல்லை. காலனியில் வீடு, அது மட்டும் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "செட் ஆவாது" என்பார்கள்.

செப்டம்பர் 17. ஞாயிறு

காலையில் போனேன். மாயவன் தனியாக ஃப்ரீ த்ரோ கோட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயது, முதுகு இன்னும் நேராக இருக்கிறது.

"உனக்கு கோச் ஆவணும்னு இருக்குதா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"எதுக்கு தம்பி வம்பு. நீங்க சுவத்துல போயி உக்காருங்க, வெயில் ஏறிடும்."

நான் நகரவில்லை. கோட்டின் கடைசி வரைக்கும் அடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"கேட்டா வேணும்னுதான் சொல்லுவேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நம்ம கேப்டன் விமல் தம்பி பந்து புடிக்கறப்பல்லாம் மனசுல நானும் நிக்கறேன். இங்க போ, அங்க திரும்புன்னு உள்ள ஓடிக்கிட்டே இருக்குது. படுத்தாலும் ஓடுது. டீம்ல அஞ்சு பேருதான், ஆனா எனக்குள்ள ஆறு பேர் ஆடறாங்க தம்பி."

வரும் வழியெல்லாம் அந்த ஆறாவது ஆள் என் கூடவே ஓடி வருகிற மாதிரி இருந்தது. ஜங்ஷன் ரோடு, கானல், லாரி. எல்லாவற்றுக்கும் நடுவில் இலேசாகத் துள்ளிக்கொண்டு.

செப்டம்பர் 21

யூனிட்டில் பகல் முழுக்க எல்லாரும் ஒரே நிறம். மண் அரைக்கும் மில் தூசி முகத்தில், புருவத்தில், தலையில். யார் யாரென்று பார்த்தால் தெரியாது. ஐந்து மணிக்குக் குழாயடியில் முகம் கழுவுகிறோம். கழுவியதும் அவரவர் தெருவுக்குப் போகிறோம்.

செப்டம்பர் 26

செயலாளர் இராஜமாணிக்கம் ஐயா ஆயுத பூஜை அன்று கோர்ட்டில் முடிவு செய்வாராம். சுவரையும் கேட்பாராம். நான் பேசப் போகிறேன். எல்லார் முகத்திலும் அடிக்கிற மாதிரி பேசப் போகிறேன்.

அக்டோபர் 1. ஞாயிறு. ஆயுத பூஜை

 எழுதிவிடுகிறேன்.

நாலு பந்துகளுக்கும் பூ சாற்றி, பொரி கொட்டி வைத்திருந்தார்கள். சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது மாயவன். டீம் வரிசையாக நின்றது. இராஜமாணிக்கம் ஐயா நாற்காலியில்.

"சுவத்துல உக்காந்து கத்துறீங்களே, இன்னிக்கு எறங்கி வந்து சொல்லுங்க. யாரப் போடலாம்?"

நான் முதல் ஆளாகப் போனேன்.

"ஆட்டம் தெரிஞ்ச ஒரே ஆளு மாயவன். அவன் காலனின்னுதான ஒதுக்குறீங்க? நேரா சொல்லுங்களேன். அவனுக்கு என்னா கொறச்சல்? அவன் பாக்காத மேட்ச் இருக்குதா? போன வருஷம் அவன் இல்லன்னா அரையிறுதியே கெடையாது. அவன் சொல்றபடி கேட்டா டீம் ஜெயிக்கும். அவனப் போடுங்க, அவன்—"

"நிறுத்து, நிறுத்து." தனக்கோடி அண்ணன். கையில் விரல் மடக்கி வைத்திருந்தார். "எத்தினி 'அவன்' ஆச்சு தெரியுமா? ஏழு. எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்."

யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள்.

"டிப்ளமோ படிச்சவன் நீ. சாதி பாக்காதவன் நீ. நீயே அவன் இவன்ங்கற. பதினாறு வயசுப் பையன் நாளைக்கி எப்புடிடா சார்னு கூப்புடுவான்? நான் யாரையும் கேவலமா பேசலப்பா. கோச்சுன்னா ஒரு மரியாத வேணும். இல்லன்னா எவனும் ஓட மாட்டான். அதத்தான் சொல்றேன்."

அவர் மடக்கிய விரல்களை நானும் எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.  

"சரி சரி," என்றார் இராஜமாணிக்கம் ஐயா. "பழமலைநாதன் சாரே இருக்கட்டும். பொரி எடுத்துக்குங்க."

முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான்தான் கெடுத்தேன். தனக்கோடி இல்லை, இராஜமாணிக்கம் இல்லை. நான்.

கூட்டம் இவ்வளவும் பேசும்போது மாயவன் நாலாவது பந்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்து ஒரு பொட்டலம் நீட்டினான்.

"தம்பி, வூட்டுக்குப் பொரி எடுத்துக்கலியே நீங்க."

அக்டோபர் 2

லீவு. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 3. செவ்வாய்

"ஏழு தரமாமே?" என்றாள் கொளஞ்சியம்மாள், ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே. அவளும் காலனிதான், மாயவனுக்கு ரெண்டு வீடு தள்ளி. "எங்க தெருவுல எல்லாரும் சொல்லிச் சொல்லி சிரிக்கிறாங்க."

"அவங்க சிரிக்கறதுக்கு என்னா இருக்குது இதுல?"

"பின்ன? எனக்கு அம்பத்தொண்ணு ஆவுது. 'கொளஞ்சி, பலகைய எடு'ம்பீங்க. நான் தம்பின்னாலும் 'ங்க' போட்டுத்தான் பேசறேன். மூணு வருஷமா. அத யாரு எண்ணுனா? நல்லவேள, ஆட்டோக்காரரு எண்ணிட்டாரு."

கோபமே இல்லாமல் சொன்னாள். அடுத்த பீஸை எடுத்துத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். இருபத்தெட்டு வயது பழமலைநாதன் 'போனார்.' நாற்பத்திரண்டு வயது மாயவன் 'சொன்னான்.' கொளஞ்சியம்மாள், மேலே நாலு வரிக்கு முன்னால்கூட, 'சொன்னாள்.' இது யாருக்கும் காட்டாத நோட்டு. இதில் யாருக்குப் பயந்து அப்படி எழுதினேன்? யாருக்கும் பயந்து இல்லை. அதுதான் விஷயம்.

எதையும் அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 15. ஞாயிறு

பழமலைநாதன் சார் வந்தால் கோர்ட்டைச் சுற்றி இருபது ரவுண்டு. பிறகு பத்து நிமிஷம் பந்து. பிறகு செல்போன். சுவர் இப்போது அடங்கிவிட்டது. தனக்கோடி அண்ணன் மட்டும் "டிசிப்ளின் வந்துருச்சு பாத்தியா" என்கிறார்.

அக்டோபர் 29. ஞாயிறு

நாலு நாளாக மழை. கோர்ட் முழுக்கத் தண்ணீர். வளையங்கள் இரண்டும் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரிந்தன. காற்று அடித்தால் கலைந்து, மறுபடியும் மெல்லக் கூடின. எவ்வளவு நேரம் நின்றேனோ. கீழே இருக்கிற அந்தக் கோர்ட்டில் வேறு ஊர், வேறு ஜனம், வேறு பேச்சு இருக்கும் போலத் தோன்றியது. அங்கே போய்ப் பேச வேண்டியதுதான்.

மாயவனைப் பார்த்தேன். இந்த வாக்கியத்தில் தொல்லை இல்லை. அடுத்ததில்தான். துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு… இருந்தானா, இருந்தாரா? 'இருந்தார்' என்று எழுதிப் பார்த்தேன். நாடக வசனம் மாதிரி இருக்கிறது. 'இருந்தான்' என்று எழுத இனிமேல் கை வராது.

கிட்டே போய் 'அண்ணே' என்று கூப்பிடத்தான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். "மழ விடாது போலருக்குது," என்றேன்.

"ஆமாங்க தம்பி."

நவம்பர் 12

வினைச்சொல் இல்லாமல் எவ்வளவு நாள் எழுத முடியும்?

நவம்பர் 25. சனி. கடலூரிலிருந்து திரும்பி

கால் இறுதி. மத்தியானம் மூன்று மணி, கடல் காற்று. சுவரே வேன் பிடித்துப் போயிருந்தது. நான் பெஞ்சுக்கு நேர் பின்னால்.

மூன்றாவது குவார்ட்டரில் பதினோரு பாயின்ட் பின்தங்கினோம். அவர்களுடைய ஆறாம் நம்பர் தனி ஆளாகவே கிழித்துக்கொண்டிருந்தான். பழமலைநாதன் சார் டைம் அவுட் எடுத்தார். "எஃபர்ட் போடுங்கடா! எஃபர்ட்!" அவ்வளவுதான்.

பெஞ்சின் அந்தக் கடைசியில் தண்ணீர் கேனோடு மாயவன். எங்கள் கேப்டன் விமல்ராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினான்.

"சார், ஆறாம் நம்பர என்னா பண்றது?"

"டைட்டா புடி," என்றார் பழமலைநாதன் சார்.

"ஒங்களக் கேக்கல சார்."

 கேலரியில் வாய்கள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. மாயவன் கேனைக் கீழே வைத்த சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது எனக்கு.

"அவனுக்கு எடது கை ஆட்டம் வராது. எடது பக்கமாவே தள்ளு விமலு. ரெண்டாவது ஆளு அங்க காத்திருக்கணும். மூணு தரம் பந்து போனா அவனே பயந்துருவான். போ."

விமலு. தம்பி இல்லை, ங்க இல்லை. யாருக்கும் அதற்கு நேரம் இல்லை.

மூன்று தரம் தேவைப்படவில்லை. இரண்டே தரம். அதற்குப் பிறகு நான் பார்த்தது மேட்ச்சா, வேறு ஏதாவதா தெரியவில்லை. ஐந்து பையன்களும் ஒரே ஆள் நினைத்தது மாதிரி நகர்ந்தார்கள்.

ஒரு பாயின்ட்டில் தோற்றோம். 57-58.  ஆனால் வேனில் யாரும் வருத்தமாக இல்லை. பழமலைநாதன் சார் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

நவம்பர் 27. திங்கள்

விமல்ராஜிடம் டீக்கடையில் கேட்டேன், எப்படிச் சொன்னாய் என்று.

"எதண்ணே?"

"சார்னு."

அவன் யோசித்துப் பார்த்தான். "நேரம் இல்லண்ணே. வாயில வந்துருச்சு."

நான் ஒரு மாசம் ஒத்திகை பார்த்தும் ஒரு 'அண்ணே'கூட வாயில் வரவில்லை.

டிசம்பர் 1

பழமலைநாதன் சாருக்கு அரையாண்டுப் பரீட்சை வேலையாம், கடிதம் கொடுத்துவிட்டார். இராஜமாணிக்கம் ஐயா சொன்னது: "பொங்கல் டோர்னமென்ட் வரைக்கும் மாயவன் பாத்துக்கட்டும். பேப்பர்ல ஒண்ணும் மாத்த வேணாம்." பேப்பரில் மாற்ற வேண்டாமாம்! வேலைக்கு ஆள் வேண்டும், பெயருக்கு வேண்டாம். போய்ச் சண்டை போடலாம் என்று கிளம்பினேன். கொளஞ்சியக்காதான் நிறுத்தினார்கள். "இன்னொரு தரம் நீங்க பேசப் போவாதீங்க தம்பி. கையெடுத்துக் கும்புடறேன்."

டிசம்பர் 10. ஞாயிறு

காலை ஆறு மணிக்கே பனி இறங்கிக் கிடந்தது. சுவர் ஈரம். துண்டு போட்டு உட்கார்ந்தோம், நானும் தனக்கோடி அண்ணனும் இன்னும் நாலு பேரும். பையன்கள் தெரிவதும் மறைவதுமாக ஓடினார்கள். விமல்ராஜ் ஃப்ரீ த்ரோவைத் தொடர்ந்து மூன்று தடவை விட்டான்.

"முட்டிய மடக்கி அடிடா!" என்று கத்தினேன். "வெறகுக்கட்ட மாதிரி நிக்கறான்," என்றார் தனக்கோடி அண்ணன்.

விசில். பந்துகள் நின்றன. பனிக்குள்ளிருந்து நடந்து வந்து சுவருக்குக் கீழே நின்று, அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"ஆனந்து, எறங்கு. பிராக்டிஸ் நேரத்துல சுவத்துல யாரும் கூடாது. வெளிய போ."

"மாயவா, நாங்க இத்தினி வருஷமா—" என்று ஆரம்பித்தார் தனக்கோடி அண்ணன். பையன்கள் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள்.

"அவர்தான் சொல்றாருல்ல, எறங்குண்ணே," என்று நான் முதலில் குதித்தேன்.

கேட்டுக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் கோர்ட்டே இல்லை, பனிதான். உள்ளே பந்து சத்தம். கோச் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.