வாராட்டாவுக்கு இட்ட எலும்புத்தூள்

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் வீட்டிலுள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கண் தெளிவாகத் தெரிகிறது. அறுவை சிகிச்சை முடிந்ததும் நீ வந்து தங்கி, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டு, குழம்பில் உப்பைக் குறைத்து, என்னைப் பார்த்துக்கொண்டாய். அதை மறக்கவில்லை. அதனாலேயே இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

பின்பக்கச் சுவரோரம் நிற்கும் வாராட்டாவைப் பற்றித்தான். விதையிலிருந்து வளர்த்த ஆஸ்திரேலியச் செடி. வருடக்கணக்காக இலையை மட்டும் காட்டிவிட்டு, இப்போதுதான் முதல் மொட்டு வைத்தது. விரிந்திருந்தால் முஷ்டியளவு சிவப்புப் பூ.

கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது அதை உன்னிடம்தான் ஒப்படைத்தேன். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், உள்ள உரம் எதுவும் கூடாது, ரோஜாவுக்குப் போடும் எலும்புத்தூளில் ஒரு கைப்பிடி விழுந்தாலும் செத்துவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ சிரித்தாய். "சோறு போட்டா சாகிற செடியா? உன்னை மாதிரியேதான் இருக்கு அண்ணா, கொஞ்சம் நல்லது நடந்தா தாங்காது" என்றாய். நானும் சிரித்தேன்.

நீ ஊருக்குப் போன வாரம் மகன் போன் செய்தான். "செடியும் போயிடுச்சாமே அப்பா, சித்தப்பா சொன்னார். இனிமே அங்க என்ன இருக்கு? கிளம்பி வாங்க" என்றான். பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செடி பச்சையாகத்தான் நின்றது. மொட்டும் இருந்தது.

போனை வைத்துவிட்டுப் போய், அடியில் பரப்பியிருந்த வைக்கோலை விலக்கினேன். வேரைச் சுற்றி வெள்ளைத் தூள். முகர்ந்தும் பார்த்தேன், எலும்புத்தூள்தான். முதலில் என்மேல்தான் சந்தேகம் வந்தது; மருந்து மயக்கத்தில் நானே போட்டிருப்பேனோ என்று. ஆனால் அந்த நாட்களில் நான் படுக்கையறையைத் தாண்டவில்லை. தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டவன் நீ. தெரியாமல் போட்டுவிட்டாய் என்று நம்பவும் முயன்றேன். தெரியாதவன், சாகாத செடியைச் செத்ததாகச் சொல்வானா?

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் ஊற்றி அலசினேன். பலனில்லை. இலை ஓரமெல்லாம் கருகி, மொட்டும் நேற்று உதிர்ந்துவிட்டது.

தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகன் கூப்பிட்டபோதெல்லாம், இடம் மாற்றினால் இந்தச் செடி பிழைக்காது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். உண்மைதான். ஆனாலும் அது சாக்கு. தனியாக, என் இஷ்டப்படி இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்கள் இருவரும் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். என் நன்மைக்குத்தான் என்று இருவருமே சொல்வீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, போய்த்தான் ஆகணும்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அழுதிருப்பேன், ஆனால் போயிருப்பேன். செடியும் பூத்திருக்கும்.

மாதக் கடைசியில் மகன் வண்டியோடு வருகிறான். வரச் சொல்லிவிட்டேன்.

நீ நெடுநாள் வாழ வேண்டும். உனக்கு வயதாகும்போது, உன் பிள்ளைகள் எதுவானாலும் உன் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும்.

உன் அண்ணன்