பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

மார்ச் 4

பல் டாக்டர் வெளியூர். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் எனக்கு இன்று வேலை இல்லை. டோக்கன் சீட்டுகளின் பின்புறத்தில் இன்னும் நான்கு எண்களால் வகுத்துப் பார்த்தேன். 10,22,117. எதற்கும் மசியவில்லை.

அண்ணன் கடைசியாகப் போனில் சொன்னது இந்த எண்ணைத்தான். அம்மா இறந்ததை எனக்குத் தாமதமாகச் சொன்னான் என்று எட்டு மாதம் அவனுக்கு நான் முகம் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் கூப்பிட்டான். ஹலோகூட இல்லை. எண்ணைச் சொன்னான், வைத்துவிட்டான். விடிவதற்குள் மாரடைப்பு.

சின்ன வயதுப் பழக்கம் இது. சண்டை வந்தால் பேச மாட்டோம், ஒரு எண்ணைச் சொல்வோம். எதாலும் வகுபடாத பகா எண் என்றால் கா. வகுபட்டால் பழம், சமாதானம். கால்குலேட்டரைத் தொடக்கூடாது, கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கா விட்டுவிட்டா போனான்?

மார்ச் 9

433. மீதி 237.

எண்ணின் வர்க்கமூலம் ஆயிரத்துச் சொச்சம். அதுவரை பார்த்தால் போதும். ஒவ்வொரு மீதியையும் எழுதி முடித்ததும் முதுகுக்குப் பின்னால், "அடுத்தது?" என்கிறான். நான் திரும்புவதில்லை. திரும்பினால் இருக்க மாட்டான்.

மார்ச் 15

"போன்ல தட்டினா ஒரு செகண்ட்ல சொல்லிடும்மா. எதுக்கு இப்படி உயிரை விடுறே?" என்றாள் மகள். எரிந்து விழுந்தேன். கள்ளாட்டம் ஆடினால் பதில் செல்லாது.

அது மட்டுமா? பயம். பயம்தான்.

மார்ச் 28

அண்ணி மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. எந்த முகத்தோடு பேசுவது?

ஏப்ரல் 6

997. மீதி 192. முடிந்தது.

அப்பா எங்களுக்கு உருப்போட வைத்த பகா எண் வரிசை இதோடு முடிகிறது. இரண்டில் ஆரம்பித்துப் பாட்டு மாதிரி ஒப்பிப்போம். 997 வந்துவிட்டால் விளையாட ஓடலாம்.

எதாலும் வகுபடவில்லை. கா.

சாகப்போற அன்னைக்குக்கூட மனசு இறங்கலையா அண்ணா? அப்படி நான் என்ன பண்ணிட்டேன்?

ஏப்ரல் 13

அண்ணி வீட்டுக்கே வந்துவிட்டார். எண்ணைச் சொல்லி அழுதேன். அவர் விழித்தார்.

"அன்னைக்கு அதை எழுதி வச்சுக்கிட்டுத் தனியா சிரிச்சுக்கிட்டிருந்தாரே! 'நாலைக் கூட்டினா பட்டுன்னு உடையும். ஆனா உன் நாத்தனார் வகுத்துக்கிட்டேதான் கிடப்பா. 997 வந்ததும் முடிஞ்சுதுன்னு பையைத் தூக்கிடுவா'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

நாலைக் கூட்டினேன். 10,22,121. 1011-இன் வர்க்கம். நாலோ இரண்டின் வர்க்கம். ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்தால் இரண்டாக உடையும், பள்ளிக்கூடப் பாடம். 1011-இல் இரண்டைக் கழித்தால் 1009, கூட்டினால் 1013. இரண்டும் பகா எண்கள், அடுத்தடுத்து நிற்பவை. நான் நிறுத்திய 997-க்கு அடுத்த பகா எண்ணே 1009-தான். இன்னும் ஒரே ஒரு வகுத்தல்!

பழம். பழம்தான் விட்டிருக்கிறான். அண்ணியைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன், என்ன செய்தேன் என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 14

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. செருப்பு மாட்டும்போது அண்ணி சொன்னது:

"நீ எப்படியும் கூப்பிடுவே, கூப்பிடுவேன்னு அன்னைக்குப் போனை நெஞ்சு மேலயே வச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரு."

அந்த நேரத்தில் நான் 47-ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன். மீதி எட்டு.